ஒரு விரல் கூடுதல்

புதுச் செருப்பு என்றுதான் அம்மா சொன்னாள். வீட்டுக்குள் போட்டு நடக்கிற ரப்பர் செருப்பு, நீல வார். விலைச்சீட்டுகூட வாரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஜிஸ்மி காலை நுழைத்தபோது உள்ளே ஏற்கெனவே ஐந்து விரல்களின் குழி பதிந்திருந்தது. பெருவிரல் குழி மற்றதைவிட ஆழம். அவளுடைய விரல்கள் அந்தக் குழிகளை எட்டாமல் பின்னாலேயே நின்றன.

"பெருசா இருக்கும்மா."

"இருக்கட்டும். வளர்ற புள்ளதானே," என்று அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஜிஸ்மிக்குப் பதினாறு முடியப்போகிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு கேரளத்துப் பாலாவிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்திருக்கிறாள், இரண்டு மாத விசாவில். அம்மா ஆன்சி இங்கே நர்ஸ். வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஊரில் அப்பா தங்கச்சன்தான் ரப்பர் தோட்டத்தையும் பார்த்து மகளையும் பார்த்தார். அவரை அவள் சாச்சன் என்று கூப்பிடுவாள். அம்மா இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவாள். வந்த முதல் வாரம் விருந்தாளி மாதிரி இருக்கும். வெட்கம் விட்டு மடியில் படுக்கலாமா என்று ஜிஸ்மி யோசிக்கிறபோது அம்மா பெட்டி கட்ட ஆரம்பித்திருப்பாள். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான், யாரும் அழுது புலம்புவதில்லை. இந்தத் தடவை சாச்சன் சொல்லி அனுப்பியிருந்தார்: ரெண்டு மாசம் இருந்து பார், பிடித்தால் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொள், இல்லையென்றால் திரும்பி வா. அம்மாவோடு இருக்கவேண்டும் என்பது ஐந்து வயதிலிருந்து அவளுக்குள் இருந்த ஆசை. ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே வைத்திருந்ததில் அது மரத்துப்போயிருந்தது.

விமான நிலையத்தில் அம்மா அவளைத் தாண்டிப் போனாள். அதை ஜிஸ்மி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கூட்டம் அப்படி. "அம்மா" என்று கூப்பிட்டதும் திரும்பினாள், கட்டிப்பிடித்தாள். ஆனால் பார்வை கண்ணுக்கு வரவில்லை. கண்ணுக்கு ஒரு விரல் மேலே, நெற்றியில் நின்றது. அன்று மட்டும் என்றில்லை. சோறு போடும்போதும் பேசும்போதும் அம்மா அவளுடைய நெற்றியைப் பார்த்துத்தான் பேசினாள்.

பிளாட் நாலாவது மாடியில். இரண்டு அறை, பொதுவில் ஒரு சமையலறை, ஒரு குளியலறை. ஒரு அறை அம்மாவுக்கு, இன்னொன்று ஷைனி சேச்சிக்கு. சேச்சியின் கணவர் அபுதாபியில் வேலை, வாரக் கடைசியில் வருவார். அம்மா விடியும் முன் ஆஸ்பத்திரி பஸ்ஸில் போய்விடுவாள். பல் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஷைனி சேச்சி எட்டு மணிக்குப் போவாள். அதற்குப் பிறகு அம்மா திரும்பும் நாலு மணிவரை ஜிஸ்மி தனி.

வெயிலுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார்கள். வெளியே ஊரே வெள்ளையாக எரிந்துகொண்டிருக்க, அறைக்குள் நடுப்பகலிலும் விளக்குப் போடவேண்டியிருந்தது. ஏசி ஓயாமல் உறுமும், குழாயில் நீர் சொட்டும், பழைய கம்பளத்தின் புழுக்க வாசனையும் முதல்நாள் மீன் வாசனையும் ஒன்றாகக் கலந்து திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அரை மணிக்கொருமுறை ஏசி தானாக ஓய்ந்து மறுபடி ஓடும். அந்த இடைவெளியில்தான் அவள் முதலில் கேட்டாள். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். நடையில் ரப்பர் செருப்பு தரையில் ஒட்டி எழும் சத்தம். சப். சப். குளியலறைப் பக்கம் போய் நின்றது. ஏசி மறுபடி ஓடியது. சேச்சி எதையோ மறந்து திரும்ப வந்திருப்பாள் என்று ஜிஸ்மி நினைத்தாள். எழுந்து பார்க்கத் தோன்றவில்லை. இங்கே வந்ததிலிருந்து அவளுக்கு எதுவுமே பெரிதாகத் தோன்றவில்லை.

மீன் விஷயம் அடுத்த வாரம். அம்மா தினமும் குடம்புளி போட்ட மீன்கறியும் சோறும் தட்டில் மூடி வைத்துவிட்டுப் போவாள். ஜிஸ்மிக்குச் சின்ன வயதில் அது உயிர். பன்னிரண்டு வயதில் ஒருமுறை வாந்தியெடுத்ததிலிருந்து வாசனையே ஆகாது. அது அம்மாவுக்குத் தெரியாது, சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிஸ்கட்டைத் தின்று பகலை ஓட்டினாள். நாலு மணிக்கு அம்மா வந்து தட்டைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். முள் மட்டும் ஓரமாக அடுக்கியிருந்தது.

"சாப்டுட்டியே. நல்ல புள்ள."

அம்மா அப்படிச் சிரித்து ஜிஸ்மி பார்த்ததில்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. மறுநாளும் தட்டு காலியாக இருந்தது, அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டே ஷைனி சேச்சி வம்பிழுத்தாள்.

"உங்கம்மா அளந்த அளப்புக்கு நான் தென்னை மரம் மாதிரி ஒரு பொண்ணு வரும்னு நெனச்சேன்டி. நீ என்னடான்னா கறிவேப்பிலைக் கொத்து மாதிரி வந்து நிக்கிறே."

ஜிஸ்மி சிரித்தாள்.

"ஆனா பாட்டு நல்லா வருது உனக்கு. வியாழக்கிழமை தலைவலின்னு மத்தியானமே வந்தேன்ல? குளிச்சுக்கிட்டே என்னமா பாடினே. செருப்பைக்கூடக் கழட்டாம நின்னு கேட்டேன்."

ஜிஸ்மியை மாதா கோவில் பாட்டுக் குழுவிலிருந்து மூன்றாவது நாளே அனுப்பிவிட்டார்கள், அவ்வளவு நல்ல குரல். சேச்சியிடம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். சேச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு, உன் அம்மாவும் பாவம், நீ வரும்வரைக்கும் தினமும் ஒரு மணி நேரம் உன்னோடு போனில் பேசுவாள், சிரிப்பாள் என்றாள். ஒன்றுதான் புரியவில்லையாம்: அந்த நேரத்தில் அம்மாவின் போன் பெரும்பாலும் சமையலறையில் சார்ஜில் கிடக்குமாம்.

தினமும் ஒரு மணி நேரமெல்லாம் இல்லை. கடைசி நாலைந்து வருஷமாக அம்மா கூப்பிட்டால் ஜிஸ்மி போனுக்கே வருவதில்லை. என்ன பேசுவது என்று தெரியாது. அடுத்த அறையிலிருந்து சாச்சனிடம், "படிக்கிறேன்னு சொல்லு," என்று கத்துவாள்.

மறுநாள் சேச்சி போனதும் அவள் அம்மாவின் பீரோவைத் திறந்தாள்.

கல்ஃபுக்கு அளவு அனுப்புவது எங்கள் ஊரில் திருவிழா மாதிரி. லீவு முடிந்து யாராவது திரும்பிப் போகிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளையைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நிறுத்தி, பேனாவால் பாதத்தைச் சுற்றி வரைவார்கள். உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை ஒரு நூலைப் பிடித்து முடிச்சுப் போடுவார்கள். தாளும் நூலும் விமானம் ஏறும். பல மாதம் கழித்துப் பெட்டியில் ஷூவும் உடுப்பும் வரும். வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுமே என்று எல்லா வீட்டிலும் ஒரு விரல் கூட்டித்தான் அளப்பார்கள். சாச்சன் பெருவிரல் நுனியில் தன் ஆட்காட்டி விரலைப் படுக்க வைத்து அதற்கும் வெளியே கோடு போடுவார். எங்கள் ஊரில் காலுக்குச் சரியான ஷூ போட்டு வளர்ந்த பிள்ளை ஒன்றுகூட இருக்காது.

பீரோவின் அடித்தட்டில் உடுப்புகள் மடித்திருந்தன. சர்ச்சில் முதல் நன்மை வாங்கிய அன்று அவள் போட்டிருந்த மஞ்சள் கவுன், ஆறாம் வகுப்பில் வந்த பூப்போட்ட சட்டை, ஒவ்வொரு வருஷமும் பெட்டியில் வந்த ஒவ்வொன்றும். அவளுடையவை ஊரில் இருந்தன. இவை இன்னொரு ஜோடி. புதிதல்ல. காலர் நைந்திருந்தது, அக்குளில் வியர்வைக் கறை, விளிம்பைப் பிரித்து இறக்கித் தைத்த தடம்.

பீரோக் கதவின் உள்பக்கம் பேனாக் கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, தேதியோடு. பிள்ளையை நிறுத்தி உயரம் பார்க்கிற கோடுகள். ஜிஸ்மி முதுகைச் சாய்த்து நின்று தலைமேல் கை வைத்துப் பார்த்தாள். கடைசிக் கோடு அவளுக்கு ஒரு விரல் மேலே இருந்தது. தேதி, போன வாரம்.

உடுப்புக்கு அடியில் தாள்கள். பத்துத் தாளில் சாச்சனின் கையெழுத்து, ஊர்க் காலண்டர். இந்த வருஷம் அவளே நேரில் வருவதால் சாச்சன் அளவு அனுப்பவில்லை. ஆனாலும் பதினொன்றாவது தாள் ஒன்று இருந்தது. அது அரபியில் அச்சடித்த இந்த ஊர்க் காலண்டர். அதில் கோடு விரல்களுக்கு நடுவிலெல்லாம் புகுந்து நெருக்கமாக ஓடியிருந்தது, நிஜமான ஒரு காலை வைத்து வரைந்தால் ஓடுகிற மாதிரி.

எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி வைத்தாள். பயம் எங்கோ அடுத்த வீட்டில் இருப்பது போலிருந்தது.

பரீட்சை முடிவு வந்தது மே மாத நடுவில், அம்மாவின் லீவு நாளில். ஜிஸ்மி சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அறைக்குள் அம்மாவின் போன் அடித்தது. சாச்சனிடம் இரண்டு வார்த்தை பேசி வைத்தாள். பிறகு கேட்டது.

"ஒம்பது ஏ பிளஸ்டி மோளே. கணக்குல மட்டும் ஒன்னு போச்சு. போகட்டும் போ."

சிரிப்பு. ஒரு முத்தச் சத்தம்.

துருவலோடு போய் ஜிஸ்மி கதவைத் திறந்தாள். அம்மா கட்டில் விளிம்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வலது கை பக்கத்தில், காற்றில், உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் தலை உயரத்தில் நின்றிருந்தது. அந்த இடத்தில் மெத்தை அமுங்கியிருந்தது. அம்மா வாசலைப் பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள், மறுபடி வாசலைப் பார்த்தாள்.

"நீ எப்ப அங்க போனே?"

அத்தனை நாளில் முதல் தடவையாக ஜிஸ்மிக்கு வலித்தது.

"அது யாரும்மா?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். உடுப்பெல்லாம் இரண்டிரண்டாக வாங்குவாளாம், ஒன்று பெட்டிக்கு, ஒன்று சும்மா இங்கே கிடக்கட்டும் என்று. ராத்திரி டியூட்டி முடித்து வந்தால் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுவாளாம்.

"யார் அதைப் போட்டாங்க?"

"நீ போனுக்கு வரமாட்டே மோளே. உள்ளேர்ந்து நீ கத்துறது எனக்குக் கேக்கும். நான் குத்தம் சொல்லலே. வீட்டுக்கு வந்தா யார்கிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசணும்ல? பேசினேன். ஒரு நாள் பதில் வந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய்த் துருவலை வாங்கிக்கொண்டாள்.

இது என் அம்மா என்று ஜிஸ்மி அன்று ராத்திரி முழுக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் தட்டைத் திறந்து மீனைத் தின்றாள். குமட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்றாள். முள்ளை ஓரமாக அடுக்கினாள், தட்டை வழித்து நக்கினாள். ஒரு மணி இருக்கும்.

ஏசி ஓய்ந்தது.

குளியலறையில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம், முதலில் வெறும் வாளியில் விழுகிற மாதிரி, பிறகு நிறைய நிறைய அடங்கிவந்த சத்தம். அதோடு சன்னமாக ஒரு பாட்டு, வார்த்தையில்லாமல். நல்ல குரல். ஜிஸ்மி நடையில் வந்து நின்றாள். கதவுக்கடியில் மஞ்சள் வெளிச்சம் ஒரு கோடாகக் கசிந்தது. கோட்டின் நடுவில் இரண்டு நிழல். இரண்டு பாதம்.

"நான்தான் ஜிஸ்மி," என்றாள். "இது எங்கம்மா."

தண்ணீர் நின்றது. பாட்டும் நின்றது.

"படிக்கிறேன்னு சொல்லு."

அவளுடைய குரல். அதே சலிப்பு. அடுத்த அறையிலிருந்து கத்துகிற அதே இழுப்பு.

தாழ்ப்பாள் மெல்ல அசைந்தது.

ஓடினாள். கட்டிலில் ஏறினாள். காலை மடக்கிக்கொண்டாள். கதவு திறந்தே கிடந்தது, மூட மறந்துவிட்டாள். வாசலில் ஒரு ஈரத் தடம். உள்ளே ஒன்று. இன்னொன்று. விரல் ஐந்தும் தெரிந்தது. கட்டில்வரை வந்தது. சோப்பு வாசனை. ஈரத் தலைமுடியின் குளிர்ச்சி. பக்கத்தில் மெத்தை அமுங்கியது.

அவள் கத்தவில்லை. நாலு மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அமுங்கிய மெத்தையும் நிமிரவில்லை.

சாயந்திரம் அம்மா தட்டைப் பார்த்தாள், கட்டிலின் அந்த மூலையைப் பார்த்தாள், முகம் வாடியது. பசியோட இருக்கா பாவம் என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு தட்டில் சோறு போட்டாள். அப்போது ஜிஸ்மி சொல்லிவிட்டாள், பதினோரு வருஷமாகச் சொல்லாததை.

"நான் இங்கயே இருந்துடறேன்மா. உன்கூட. என்னை அனுப்பாதே."

அம்மா கரண்டியை வைத்தாள்.

"நெஜமாவா?"

"ம்."

"அங்க சாச்சன் ஒத்தைல இருப்பாரே. யாராவது போகணும்ல மோளே."

சாச்சனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள் ஜிஸ்மி. அம்மா சிரித்தாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, வாயில் ஒரு உருண்டை ஊட்டினாள். மீன்தான். குமட்டவில்லை.

அன்றிலிருந்து மெத்தை அமுங்கவில்லை. ஏசி ஓய்ந்தால் வெறும் நிசப்தம். அம்மா வேலை விட்டு வந்ததும் அவளிடம்தான் பேசினாள். வார்டில் கிடக்கிற கிழவரைப் பற்றி, மேட்ரனின் கெடுபிடியைப் பற்றி, ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஜிஸ்மி சந்தோஷமாக இருந்தாள். அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை, பார்க்கத்தான் ஆளில்லை. செருப்பும் இப்போது காலுக்குச் சரியாக இருந்தது.

சாமான் வாங்கப் போனபோது கடையின் கண்ணாடிக் கதவு அம்மாவுக்குத் தானாகத் திறந்தது. இரண்டடி பின்னால் வந்த ஜிஸ்மியின் முகத்தில் மூடியது. அவள் அதன் முன்னால் நின்றாள், கையை ஆட்டினாள். வேறு யாரோ வந்து திறந்தபோதுதான் உள்ளே போக முடிந்தது. ஷைனி சேச்சி வம்பிழுப்பதை நிறுத்திவிட்டாள். நடையில் எதிரே வந்தால், இந்த ஏசி என்னமா குளிருது என்று தோளைத் தேய்த்துக்கொண்டு போனாள். ஆனால் அடுத்த நிமிஷம் சமையலறையில் யாரிடமோ, "எடி, உப்பை எடு," என்று சொல்லிச் சிரிப்பது கேட்கும். அங்கே எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஜிஸ்மி முடிவு செய்திருந்தாள். அம்மா தன்னிடம் பேசுகிறாள், அது போதும்.

விசா முடிகிற சனிக்கிழமை. அம்மா லீவு போட்டுக் காலையிலிருந்து பெட்டி கட்டினாள். ஜிஸ்மியின் பெட்டி. அவளுடைய உடுப்பு, சாச்சனுக்கு டார்ச் லைட், பால்பவுடர், தைலம்.

"என் பெட்டியை எதுக்கும்மா கட்டுறே?"

"அங்க ஒரு புள்ள போய் எறங்கணும்ல? சாச்சன் ஏர்போர்ட்டுக்குக் கார் சொல்லிட்டாராம்," என்றாள் அம்மா, காய்கறி விலை சொல்வது போல. இழுப்பறையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள்.

ஜிஸ்மிக்கு அப்போதுதான் புரிந்தது. நான் போறேன்மா என்றாள். அம்மா ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். நான்தான் போகணும் என்றாள். ஜிப் மாட்டிக்கொண்டது, அம்மா குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்.

"அம்மா, லிஃப்ட் வந்துடுச்சு," என்று நடையிலிருந்து குரல் வந்தது. அவளுடைய குரல்தான். ஆனால் அம்மா என்ற வார்த்தையை ஜிஸ்மி ஒருநாளும் அத்தனை கொஞ்சலாகச் சொன்னதில்லை.

"நீ இங்கயே இரு. வந்துடறேன்," என்று அம்மா பெட்டியை உருட்டிக்கொண்டு போனாள். வெளியே ஷைனி சேச்சி மூக்கை உறிஞ்சினாள். அடுத்த வருஷமும் வரணும்டி, சாச்சனையும் இழுத்துட்டு வா என்று யாரையோ முதுகில் தட்டினாள். கதவு சாத்திக்கொண்டது. ஜிஸ்மி எழுந்து ஓடவேண்டும் என்று நினைத்தாள். நினைப்பு தலையிலேயே நின்றது, காலுக்கு இறங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஷைனி சேச்சி அறைக்குள் வந்தாள், கணவரோடு போனில் பேசிக்கொண்டே.

"இப்பதான் கெளம்பினாங்க. பாவம், அந்தப் புள்ள அம்மாவை விடவே மாட்டேங்குது. என்ன பாசம்ங்கறீங்க."

"சேச்சி," என்றாள் ஜிஸ்மி.

சேச்சி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். ஆளில்லாத ரூமுக்கு எதுக்கு ஏசி என்று சொல்லி அதை அணைத்தாள். விளக்கையும் அணைத்தாள். கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

வெக்கை சுவர் வழியாக மெல்ல உள்ளே வந்தது. அவளுக்கு வியர்க்கவில்லை.

அம்மா வந்தபோது ஏழு மணி. கைப்பையைக் கீழே போட்டாள், கதவைத் தாழிட்டாள், விளக்கைப் போடவில்லை. நேராகக் கட்டிலுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"போயிட்டா மோளே," என்றாள். "இனி நீயும் நானும்தான்."

கைகளை விரித்தாள். ஐந்து வயதிலிருந்து காத்திருந்தது இதற்குத்தான். ஜிஸ்மி முழங்காலில் எழுந்து அந்தக் கைகளுக்குள் நகர்ந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினாள், இன்னும் இறுக்கினாள். எங்கேயும் எதுவும் அழுந்தவில்லை. ஜிஸ்மி குனிந்து பார்த்தாள். அம்மாவின் கைகள் இரண்டும் அவள் வழியாகவே போய், குறுக்கே மடிந்து, அம்மாவின் தோள்களையே பிடித்துக்கொண்டிருந்தன.